வெண்ணெய் உருகுவதற்குள்

மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடுகிற பை, மேல்மூடி இல்லாத டார்ட், இவற்றின் சமையல் குறிப்புகளில் முக்கால்வாசி குளிர்ந்த ஊர்களில் எழுதப்பட்டவை. “அறை வெப்பநிலை” என்று அவர்கள் எழுதும்போது மனதில் இருப்பது 18 அல்லது 20 டிகிரி. மே மாதத்தில் மதுரையிலோ வேலூரிலோ அடுக்களை மேடையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். மத்தியானத்தில் 34, 35 காட்டும். வெண்ணெயோ 20ஐத் தாண்டும்போதே குழையத் தொடங்கி, 32க்கும் 35க்கும் நடுவில் முழுசாக உருகிவிடுகிற பொருள். அவர்கள் மேடையில் கட்டியாக இருப்பது நம் மேடையில் எண்ணெய். “எனக்கு இது கைவரவில்லை” என்று பை சுடுவதை விட்டுவிட்டவர்களில் பலருக்குக் கோளாறு கையில் இல்லை, மேடையில்.

வெண்ணெய் கட்டியாக இருந்தே தீர வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தட்டையான சின்னச் சின்னத் துண்டுகளாக அது மாவுக்குள் உட்கார்ந்து, அப்படியே ஓவன் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். சூடு பட்டதும் துண்டு உருகும், அது இருந்த இடம் காலியாகும், வெண்ணெயிலும் மாவிலும் உள்ள தண்ணீர் ஆவியாகி அந்த இடைவெளியைத் தூக்கிப் பிடிக்கும். அதற்குள் சுற்றியிருக்கும் மாவு வெந்து இறுகிவிடும். ஏடு ஏடாகப் பிரிந்து உதிர்வது இப்படித்தான். பிசையும்போதே வெண்ணெய் உருகிவிட்டால் மாவு அதைக் குடித்துவிடும். அப்புறம் ஓவனில் உருகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. தட்டைக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று கிடைக்கும். தின்னலாம், ஆனால் அது பை இல்லை.

வெண்ணெயைக் கையாள ஏற்ற நிலை 13லிருந்து 18 டிகிரி வரை. 10க்குக் கீழே போனால் தேய்க்கும்போது சில்லு சில்லாக உடையும், 20க்கு மேலே போனால் வழியும். இந்த ஐந்து டிகிரி இடைவெளிக்குள் வேலையை முடிப்பதுதான் இந்தக் கலையில் பாதி. ஆகவே புதுசு புதுசாக டின் வாங்குவதற்கு முன்னால் இரண்டு சாமான்கள் வாங்குங்கள். ஒரு டிஜிட்டல் தராசு, ஓவனுக்குள் தொங்கவிடுகிற தெர்மாமீட்டர் ஒன்று. வீட்டு ஓ.டி.ஜி.க்களின் (மேடையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) திருகு 200 என்று சொல்லும்போது உள்ளே 180 இருப்பதும் 220 இருப்பதும் சாதாரணம்.

பிசைவது அல்ல, பிசிறுவது

இந்த மாவுக்கு ஆங்கிலக் குறிப்புகளில் வரும் சொல்லை விட நம் சொல்லே பொருத்தம்: பிசிறுவது. புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்து விரல் நுனியால் பிசிறுகிறோமே, அதே அசைவு. உள்ளங்கை படக்கூடாது. உள்ளங்கைச் சூடு வெண்ணெயை உருக்கிவிடும், சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தாலோ மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து இழுவை கட்டிவிடும்.

23 செ.மீ. டின்னுக்கு அடி ஓடு மட்டும் என்றால் மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், ஐஸ் தண்ணீர் 45லிருந்து 55 மி.லி. மேல்மூடியும் வேண்டுமானால் 350, 175, 85லிருந்து 95. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம், உப்பில்லாததானால் 200 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டி. இனிப்புப் பைக்கு உப்பில்லாததே நல்லது.

வெண்ணெயை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவியின் பெரிய கண்ணில் மாவுக்குள்ளேயே துருவுங்கள். நடுநடுவே துருவலை மாவில் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு உருண்டையாகும். மைதாவும் பாத்திரமும் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்திருக்கட்டும். மேடை கருங்கல்லானால் ஐஸ் கட்டி நிரம்பிய தட்டை அதன்மேல் பத்து நிமிஷம் வைத்து, எடுத்து, ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள். விடிகாலை ஐந்தரைக்குச் செய்வது மத்தியானம் மூன்றுக்குச் செய்வதை விடப் பாதி வேலை. ஏ.சி. அறையில் ஒரு மேஜை கிடைத்தால் கூச்சப்படாமல் பூரிக்கட்டையை அங்கே எடுத்துக்கொண்டு போங்கள்.

துருவல் மாவில் கலந்ததும் விரல் நுனியால் இரண்டு நிமிஷம் பிசிறினால் போதும். பெரும்பகுதி ரவை மாதிரியும், அங்கங்கே துவரம்பருப்பு அளவுக்குத் துண்டுகளும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே சீராக மணல் மாதிரி ஆகும் வரைக்கும் பிசிறினால் ஏடு வராது, நொறுங்கும் ஓடுதான் வரும். கஸ்டர்டு மாதிரி நீர்த்த பூரணத்துக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் மாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு மூடியிருப்பதால் சுலபத்தில் ஊறாது. ஆப்பிள் பை மூடிக்குத் துண்டு தெரியட்டும்.

தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி ஒரு மேசைக்கரண்டியாகத் தெளியுங்கள். நிறையப் பேர் தோற்கிற இடம் இது. கொஞ்சம் உதிரியாகத் தெரிந்தால் பயந்துபோய் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிடுகிறோம். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் கொழுக்கட்டைப் பிடி மாதிரி நின்றால் போதும். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் கிடக்கும்போது தண்ணீர் தானே பரவி மாவு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கூடினால் இழுவை கூடும், ஓவனில் ஓடு சுருங்கும், கடிக்கும்போது அப்பளக்கட்டை மாதிரி இருக்கும். மைதாவுக்கு மைதா தண்ணீர் குடிக்கும் அளவு வேறுபடும் என்பதால்தான் மேலே 45லிருந்து 55 என்று விட்டிருக்கிறேன். உங்கள் ஊர் மைதா அதிகமாக இழுவை கட்டுகிறது என்று தோன்றினால் 200 கிராமில் 20 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) போடுங்கள். கோதுமை மாவு கலக்க ஆசையென்றால் கால்பங்கோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் தவிடு ஏட்டை அறுத்துவிடும்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் இதற்கு ஆகாது. அதில் எவ்வளவு மோர் தங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நெய்யாக்கிவிடுங்கள். கடையில் விற்கும் வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதம் வாக்கில். எல்லாக் கணக்கும் அதை வைத்துத்தான். நெய்யில் தண்ணீரே இல்லை என்பதால் ஏடும் இல்லை. ஆனால் நெய் பிஸ்கட் மாதிரி வாயில் கரையும் டார்ட் ஓடு கிடைக்கும். 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் உறைந்த நெய், கூடவே ஒரு மேசைக்கரண்டி தண்ணீர்.

முதல்முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இனிப்பு டார்ட் மாவு. வெண்ணெய் 110 கிராமையும் பொடித்த சர்க்கரை 65 கிராமையும் குழைத்து, ஒரு முட்டையின் மஞ்சள் கரு சேர்த்து, மைதா 200 கிராமைக் கொட்டி ஒன்றுசேர்த்தால் முடிந்தது. உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர். இதில் ஏடு வேண்டியதில்லை, ஆகவே வெண்ணெய் கொஞ்சம் குழைந்திருந்தாலும் குடி முழுகாது. கிழிந்தால் மிச்ச மாவை வைத்து ஒட்டுப்போடலாம், வெந்த பிறகு ஒட்டுப் போட்டது தெரியாது. நம் வெயிலுக்கு இது நல்ல சிநேகிதன்.

ஓடு மட்டும் முதலில் தனியே சுடுவது

ஆறிய மாவைக் கனமான இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து மூன்று மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். மேலே மாவு தூவித் தேய்த்தால் தூவிய மாவெல்லாம் உள்ளே போய்க் கடினமாகும், தாளில் அந்தத் தொல்லை இல்லை. உருகுகிற மாதிரித் தெரிந்தால் தாளோடு தூக்கி ஃப்ரீசரில் ஐந்து நிமிஷம். டின்னில் பரப்பும்போது இழுத்து நீட்டி மூலையில் திணிக்கக் கூடாது. இழுத்த மாவு ரப்பர் மாதிரி ஓவனில் பழைய இடத்துக்கே திரும்பும். தளர்வாக விட்டு, விளிம்பைத் தூக்கித் தூக்கி உள்ளே இறக்குங்கள். விளிம்புக்கு மேல் ஒரு செ.மீ. தொங்கட்டும், வெந்த பிறகு கத்தியால் சீவிவிடலாம். பரப்பிய ஓடு மறுபடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜுக்கு. சுருங்காமல் இருப்பதற்கு ஊர் உலகத்தில் நூறு தந்திரம் சொல்வார்கள், இந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக எதுவும் இல்லை.

முள்கரண்டியால் அடியில் குத்தி, பட்டர் பேப்பரைக் கசக்கி விரித்துப் பரப்பி, விளிம்பு வரைக்கும் கொண்டைக்கடலையோ பழைய அரிசியோ நிரப்புங்கள். பாதி நிரப்பினால் பக்கங்கள் சரியும். 190 டிகிரியில் 18 நிமிஷம். பிறகு பேப்பரைத் தூக்கிவிட்டு 175இல் எட்டு முதல் பத்து நிமிஷம், அடி காய்ந்து லேசாகப் பொன்னிறம் தட்டும் வரைக்கும். அந்தக் கடலையை ஆறவைத்து டப்பாவில் போட்டு “சுண்டலுக்கு அல்ல” என்று எழுதி ஒட்டுங்கள். வருஷக்கணக்கில் எடைக்கல்லாக இருக்கும், வேகமட்டும் வேகாது.

அடி ஈரமாகவே நிற்பதுதான் எல்லா வீட்டிலும் வரும் புகார். காரணங்கள் பல, ஆனால் நம் ஊரில் முதல் காரணம் ஓவன்தான். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷனைப் போட்டுச் சுடுகிறவர்களுக்கு மேலே காற்றுச் சூடு வரும், கீழே கண்ணாடித் தட்டு சூடேறுவதே இல்லை. கனமான இரும்புத் தட்டையோ தோசைக்கல்லையோ உள்ளே வைத்து இருபது நிமிஷம் முன்சூடு ஏற்றி, அதன்மேல் டின்னை வையுங்கள். தோசைக்கல்லின் கைப்பிடி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் வேண்டாம். அதை வைத்தால் சுழலும் தட்டு சுழல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓ.டி.ஜி. என்றால் கீழ்க்கம்பி, மேல்கம்பி இரண்டும் எரியட்டும், தட்டைக் கீழ் அடுக்கில் மாட்டுங்கள், மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். அழகுக்காகப் பீங்கான் பாத்திரத்தில் பை சுடுவதை விட நசுங்கிய அலுமினிய டின் மேல். இதற்கு மேலும் காப்பு வேண்டுமென்றால், ஓடு வெந்ததும் முட்டை வெள்ளைக்கருவை மெல்லப் பூசி இரண்டு நிமிஷம் உள்ளே வைத்து எடுங்கள். அது வார்னிஷ் மாதிரி நிற்கும்.

பிரஷர் குக்கரில் உப்போ மணலோ போட்டுக் கேக் சுடுகிறவர்கள் இதையும் அதில் செய்யலாமா என்று கேட்பார்கள். அடி வேகும், மேலே நிறம் ஏறாது. மூடி இல்லாத டார்ட் ஓட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட மறக்க வேண்டாம்.

பூரணம்

ஆப்பிள் பை எழுதியவர்களுக்குக் கிடைத்த ஆப்பிள் புளிப்பானது, வெந்தாலும் துண்டு துண்டாக நிற்பது. நம் கடைகளில் சிவப்பாகப் பளபளக்கும் ஆப்பிள் பெரும்பாலும் இனிப்பு மட்டும்தான், வெந்தால் மாவாகக் கரையும். பச்சை நிறத்தில் வரும் கிரானி ஸ்மித் கிடைத்தால் நல்லது, விலைதான் கடிக்கும். சிவப்பு ஆப்பிள்தான் கையில் இருக்கிறதென்றால் 900 கிராம் துண்டுக்குச் சர்க்கரையை 80 கிராமாகக் குறைத்து, ஒரு முழு எலுமிச்சம்பழச் சாறு பிழியுங்கள். ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள்.

ஆனால் சித்திரை, வைகாசியில் ஆப்பிளைத் தேடி அலைவானேன்? கிளிமூக்கு மாங்காய் இருக்கிறது. முற்றி, பழுக்காமல், உள்ளே இளமஞ்சள் ஓடத் தொடங்கிய பதம். புளிப்பு இருக்கும், நார் தொல்லை தராது, வெந்தாலும் துண்டு நிற்கும். தோல் சீவிய துண்டு 900 கிராமுக்குச் சர்க்கரை 180, ஒரு சிட்டிகை உப்பு, பட்டைக்குப் பதில் சுக்குத்தூள் அரைத் தேக்கரண்டி. வெல்லம் போடலாம், நிறம் கறுக்கும், சாறும் கூடும்.

எந்தப் பழமானாலும் சாறுதான் எதிரி. சர்க்கரையில் புரட்டி அரை மணி நேரம் வைத்தால் தானே தண்ணீர் விடும். அதை வடித்துத் தனியாகப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, 30 கிராம் சோளமாவை அதில் கரைத்துப் பழத்தோடு சேருங்கள். சோளமாவு கொதி நிலைக்குப் பக்கத்தில் போனால்தான் இறுகும். மூடியில் போட்ட கீறல் வழியாக நடுவில் குமிழி கொப்பளிப்பது தெரிய வேண்டும், விளிம்பில் தெரிந்தால் போதாது. 200 டிகிரியில் 20 நிமிஷம், 180இல் இன்னும் 35லிருந்து 40. எடுத்ததும் வெட்டினால் எல்லாம் ஓடிவிடும். மூன்று மணி நேரம் ஆற வேண்டும், வீட்டில் உள்ளவர்களை எப்படியாவது சமாளியுங்கள்.

அன்னாசியைப் பச்சையாகக் கஸ்டர்டில் போடாதீர்கள். அதில் உள்ள என்சைம் பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கும், ஜெலட்டினையும் இறுக விடாது. வேகவைத்துவிட்டால் அதன் ஆட்டம் முடிந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளிப் பலகாரத் தட்டில் முறுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அன்னாசி டார்ட்டுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். துருவி, சாறு பிழிந்து, ஒரு கிலோ சதைக்கு 250 கிராம் சர்க்கரையும் பட்டை, கிராம்பும் போட்டு உருட்டினால் உருளும் பதம் வரைக்கும் கிளறுவது. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, கை வலிக்கும்.

சாக்லேட் டார்ட் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. குறிப்பில் வரும் கிரீமில் கொழுப்பு 35 சதவீதத்துக்கு மேல், பிரிட்டிஷ் டபுள் கிரீமானால் 48. நம் கடையில் அட்டைப் பெட்டியில் வரும் ஃபிரெஷ் கிரீமில் 25தான். சரிக்குச் சரி கலந்தால் டார்ட் பாயசமாகும். டார்க் சாக்லேட் 200 கிராமுக்குக் கிரீம் 130 மி.லி. போதும்.

குளிரே வேண்டாத மாவு

இவ்வளவு குளிர்ச்சிப் புராணம் பாடிவிட்டுச் சொல்கிறேன்: கொதிக்கும் தண்ணீரில் செய்கிற பை மாவும் ஒன்று உண்டு. அடுக்களை 35 டிகிரியில் இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தின் மெல்டன் மௌப்ரே பன்றிக்கறிப் பை இந்த மாவில் செய்வது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு பெற்றது அது. டின் இல்லாமல் தனியே நிற்க வைத்துச் சுடுவதால் அதன் வயிறு சற்று வெளியே தள்ளியிருக்கும்.

நமக்கு இது புது வித்தை இல்லை. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறுகிறோம். சூட்டில் மாவுச்சத்து வெந்து பசையாகிறது, அதனால் மெல்லியதாகச் சொப்பு செய்தாலும் கிழிவதில்லை. மைதாவிலும் அதே கதை, கூடவே கொதிநீர் புரதத்தை வேகவைத்துவிடுவதால் இழுவையும் கட்டுப்படுகிறது. மைதா 350 கிராமில் ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் 150 மி.லி.யோடு 120 கிராம் நெய் அல்லது வனஸ்பதியைச் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மாவின் நடுவில் ஊற்றி மரக்கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் இரண்டு நிமிஷம் பிசைந்தால் வழுவழுவென்று வரும். அங்கே பன்றிக்கொழுப்பு போடுகிறார்கள். வனஸ்பதி என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு: கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அமலில் இருக்கிறது. இருந்தாலும் ருசிக்கு நெய்தான்.

இந்த மாவை ஆறவிட்டால் வெடிக்கும். சூடு தணிவதற்குள், இருபது நிமிஷத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் எண்ணெய் தடவி, பட்டர் பேப்பர் சுற்றி, மாவை அதன்மேல் நான்கு மி.மீ. கனத்தில் தட்டிச் சொப்பாக்குங்கள். பத்து நிமிஷம் குளிரவைத்தால் விறைத்து நிற்கும், டம்ளரை உருவிவிடலாம். உள்ளே மட்டன் சுக்கா வைப்பதானால் எலும்பில்லாமல், எண்ணெய் மிதக்காமல், குழம்பின் ஈரம் துளிகூட இல்லாமல், முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூடி ஒட்டும் விளிம்பில் முட்டை தடவி, சோமாசி மடிப்பது மாதிரி விளிம்பைத் திருகிவிட்டு, நடுவில் பென்சில் கனத்துக்கு ஒரு துளை. 200இல் இருபது நிமிஷம், 170இல் இன்னொரு இருபத்தைந்து. மெல்டன் மௌப்ரேக்காரர்கள் வெந்த பிறகு அந்தத் துளை வழியாக எலும்புச் சாறு ஊற்றி உறையவிடுவார்கள். நம் சுக்காவுக்கு அது தேவையில்லை, ஆட்டுக்கால் சூப் மிஞ்சியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

முட்டை பஃப்ஸ்

கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது இங்கேதான். டீக்கடை பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வீட்டில் கொண்டுவர முடியுமா? முடியும், ஆனால் அது வேறு பொருளாக இருக்கும். பேக்கரியில் பொதுவாகப் பஃப்ஸுக்கென்றே வரும் மார்ஜரினைப் போடுகிறார்கள். நம் வெயிலிலும் உருகாமல் தேய்க்க வரும்படி உருவாக்கியது அது. உடம்புச் சூட்டிலும் முழுசாக உருகாத கொழுப்பு என்பதால்தான் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது மாதிரி நிற்கிறது. வெண்ணெய் வாயில் கரையும், அதே காரணத்தால் மேடையிலும் கரையும்.

மைதா 250 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, குளிர்ந்த தண்ணீர் 125 மி.லி. எலுமிச்சை, மாவு ஃப்ரிட்ஜில் கிடக்கும்போது சாம்பல் நிறம் பாயாமல் இருக்க. ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் பிசைந்து, சதுரமாகத் தட்டி, ஒரு மணி நேரம் குளிரில். இன்னொரு பக்கம் உப்பில்லாத வெண்ணெய் 180 கிராமைத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் தட்டித் தட்டி 12 செ.மீ. சதுரமாக்குங்கள். இரண்டும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் மாவும் வெண்ணெயும் ஒரே மாதிரி குழிய வேண்டும். வெண்ணெய் விறைப்பாக இருந்தால் தேய்க்கும்போது உள்ளே கண்ணாடி மாதிரி விரிசல் விடும். இளகியிருந்தால் ஓரத்தில் பிதுங்கும். முதலாவதற்கு மருந்து ஐந்து நிமிஷம் வெளியே வைப்பது, இரண்டாவதற்கு ஃப்ரீசரில் பதினைந்து நிமிஷம். பிதுங்கிய பிறகும் “இன்னும் ஒரே ஒரு மடிப்புத்தானே” என்று தேய்த்தவர்கள் யாரும் நல்ல பஃப்ஸ் பார்த்ததில்லை.

மாவை 18 செ.மீ. சதுரமாகத் தேய்த்து, வெண்ணெயை மூலைமாற்றி நடுவில் வைத்து, நான்கு மூலைகளையும் கடித உறை மாதிரி மடியுங்கள். 45க்கு 15 செ.மீ. நீளத்தில் தேய்த்து மூன்றாக மடித்தால் ஒரு சுற்று. கால் திருப்பு திருப்பி மறுபடி தேய்த்து மடித்தால் இரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வெண்ணெய் அடுக்கு மூன்று மடங்காகும்: 3, 9, 27, 81, 243, ஆறாவது சுற்றில் 729. அதற்கு மேல் போனால் அடுக்கு அதிகமாகாது. வெண்ணெய் அவ்வளவு மெலிந்து மாவோடு கலந்துவிடும். வீட்டுப் பஃப்ஸுக்கு ஐந்து சுற்று தாராளம். மார்கழியில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 40 நிமிஷம் ஃப்ரிட்ஜ். சித்திரையில் ஒவ்வொரு சுற்றுக்கும். எத்தனை சுற்று முடிந்தது என்பதை மாவில் விரலால் குழி பதித்து வையுங்கள், கண்டிப்பாக மறந்துபோகும்.

பரோட்டாவும் அடுக்குதானே, அது ஏன் இப்படி எழும்புவதில்லை என்று கேட்டால், அங்கே அடுக்கைப் பிரிப்பது எண்ணெய். அது தண்ணீரில்லாத திரவம், கீழே கல்லின் சூட்டில் மாவு மிருதுவாகவே வெந்துவிடுகிறது. இங்கே 180 கிராம் வெண்ணெயிலேயே 28 கிராம் வாக்கில் தண்ணீர் இருக்கிறது, மாவில் இருப்பது தனி. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். நாலாப் பக்கமும் ஒரே நேரத்தில் 210 டிகிரி அடித்தால் அந்த ஆவி அடுக்குகளை நெம்பித் தூக்காமல் என்ன செய்யும்?

மசாலாவுக்குப் பெரிய வெங்காயம் 400 கிராம் நீளவாக்கில் நறுக்கியது, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை, மிளகாய்த்தூள் ஒன்று, கரம் மசாலா அரை, கறிவேப்பிலை, உப்பு. தக்காளி வேண்டாம். வேண்டியே தீருமென்றால் ஒன்றே ஒன்று, தொக்கு மாதிரி எண்ணெய் பிரியும் வரைக்கும். சட்டியைச் சாய்த்தால் ஈரம் ஓடி வரக் கூடாது. தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள், வெதுவெதுப்பான மசாலா அடியில் உள்ள வெண்ணெயை ஓவனுக்குப் போகும் முன்னாலேயே உருக்கிவிடும்.

மாவை 36 செ.மீ. சதுரமாக, நான்கு மி.மீ. கனத்தில் தேய்த்தால் 12 செ.மீ. அளவில் ஒன்பது சதுரம் கிடைக்கும். நல்ல கூரான கத்தியை மேலிருந்து கீழே அழுத்தி வெட்டுங்கள். இழுத்து அறுத்தால் விளிம்பு அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி மசாலா, அதன்மேல் அரை முட்டை கவிழ்த்து, எதிரெதிர் மூலைகளை மடித்து நடுவில் அழுத்துங்கள். மேலே பூச மஞ்சள் கருவும் ஒரு தேக்கரண்டி பாலும். வெட்டிய விளிம்பில் அது வழியக் கூடாது, வழிந்தால் பசையாகி அந்தப் பக்கம் எழும்பாது. பஃப்ஸ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம், ஒரு பக்கம் கனமாகத் தேய்த்தது இன்னொன்று.

தட்டோடு பதினைந்து நிமிஷம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு 210இல் 15 நிமிஷம், பிறகு 180இல் 12லிருந்து 15. முதல் பதினைந்து நிமிஷம் கதவைத் திறக்காதீர்கள். தட்டில் வெண்ணெய் குளம் கட்டி, பஃப்ஸ் அதில் பொரிந்துகொண்டிருந்தால் ஓவன் சூடு போதவில்லை அல்லது அடுக்கு நடுவில் எங்கோ கிழிந்திருக்கிறது. மேலே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருந்தால் அவசரப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். சின்ன ஓ.டி.ஜி.யில் இரண்டு தவணையாகச் சுட வேண்டியிருக்கும், மீதி ஐந்தை அதுவரை ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மாலைநேரக் கடைகளில் ரோல்ஸோடு கிடைக்கும் பற்றீஸ் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. அது எண்ணெயில் பொரிப்பது, அடுக்கு மடிப்பது கிடையாது. கரன்ட் போய்ப்போய் வரும் நாளில் பஃப்ஸ் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள், மாவு ஒன்றிரண்டு சுற்றில் இருக்கும்போதே அந்தப் பக்கம் தாவிவிடலாம். பிறைவடிவில் வெட்டி, மீன் பூரணம் வைத்து, மிதமான எண்ணெயில் விட்டால் யாருக்கும் தெரியாது.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்க்காற்றில் சுட்ட ஓடு மூன்று நான்கு மணி நேரத்திலேயே பதத்துப்போகும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பூரணத்தின் ஈரம் ஓட்டுக்குள் ஏறி இன்னும் தோலாகும். 160 டிகிரி ஓவனில் ஆறேழு நிமிஷம் போதும். அதைவிட, சுடாமலேயே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். வெறும் மாவும், பரப்பிய டார்ட் ஓடும், மசாலா வைத்து மடித்த பஃப்ஸும் ஃப்ரீசரில் ஒரு மாதம் கெடாமல் இருக்கும், அவித்த முட்டை வைத்தது மட்டும் ரப்பராகிவிடும். பரப்பிய ஓட்டையும் மடித்த பஃப்ஸையும் வேண்டியபோது உருகவிடாமல் அப்படியே ஓவனுக்குள் தள்ளி, ஐந்தாறு நிமிஷம் கூடுதலாக வையுங்கள்.